உன் வகுப்பில் நான் எடுத்த அடர்த்திப் பாடம்

இன்று காலை தேங்காய் எண்ணெய் உறைந்திருந்தது. மார்கழி பிறந்துவிட்டால் திருத்தணியில் இது அதிசயமில்லை. மலையிலிருந்து இறங்குகிற பனி அடுப்படி வரை வந்துவிடும். விடுமுறைக்கு வந்திருக்கும் வாணி, தலைக்குத் தேய்த்துக்கொள்வதற்காக எண்ணெய் சீசாவை வெந்நீர்ச் செம்பில் நிறுத்தினாள். ஓரமெல்லாம் உருகிக் கலங்கலாகி, நடுவிலிருந்த வெள்ளைக் கட்டி மெல்லக் கழன்று சீசாவின் அடியில் போய் உட்கார்ந்தது. அவள் குனிந்து அதையே பார்த்தாள். பிறகு, பக்கத்தில் நான் நிற்பதையே மறந்தவளாக, “காலா” என்றாள்.

ஒரே சொல்தான். உங்கள் வீட்டு உருதுவில் அம்மாவின் தங்கையை அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று சொல்லி அவளைப் பழக்கியவள் நீ. நீ போய் ஒரு முழு மழைக்காலம் கடந்துவிட்டது. ஆனாலும் என் அடுப்படியில், என் எண்ணெய் சீசாவுக்குள், என் மகளின் வாயில் நீதான் இருக்கிறாய். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. உயிரோடு இல்லாதவள்மேல் இப்படிக் காய்கிறோமே என்று கொஞ்ச நேரம் வெட்கமாக இருந்தது. பிறகு அதுவும் போய்விட்டது. உன்மேல் பொறாமைப்படுவது எனக்குப் பழகிய வேலை. அதனால்தான் அவள் குளிக்கப் போனதும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

நீ எங்கள் பள்ளிக்கு மாற்றலாகி வருவதற்கு முன்பு அங்கே அறிவியல் என்றால் நான்தான். கரும்பலகையில் ஓரக்கோடு போட்டு, தலைப்பை வண்ணச் சாக்பீஸால் எழுதி, சூத்திரத்தைக் கட்டத்துக்குள் அடைப்பேன். ஆய்வுக்கு வருகிற அதிகாரியைத் தலைமையாசிரியை நேராக என் வகுப்புக்குத்தான் அழைத்து வருவார். அப்படியிருக்கும்போது ஒரு ஜூன் மாதம் நீ வந்தாய். அரக்கோணத்து ரயிலிலிருந்து இறங்கி, தலை கலைந்து, துணிப்பைக்குள் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட, முதல் நாளே மணி அடித்த பிறகு வந்தாய். கையெழுத்துப் போட என் பேனாவைத்தான் வாங்கினாய்.

“லேட்டா வந்தா திட்டுவாங்களா?” என்று கேட்டாய்.

“ஆங், திட்டுவாங்க.”

“நல்லா திட்டுவாங்களா, சும்மா திட்டுவாங்களா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நிமிடமே உன்னை எனக்குப் பிடித்துப்போனது. எல்லாத் தொல்லையும் அதனால் வந்ததுதான். பிடிக்காதவள் நன்றாகப் பாடம் நடத்தினால் எனக்கென்ன?

ஒன்பதாம் வகுப்பில் ‘அ’ பிரிவு எனக்கு, ‘ஆ’ பிரிவு உனக்கு. நடுவில் சுவர் கிடையாது, மரத்தடுப்புதான். நான் என் பக்கத்தில் ‘ஓரலகு பருமனில் உள்ள நிறையே அடர்த்தி’ என்று எழுதிவிட்டுத் திரும்பினேன். தடுப்புக்கு அந்தப் பக்கம் உன் குரல் கேட்டது.

“நாளைக்கு மலைக்குப் போனா மேல எத்தினி பேரு இருப்பாங்க?”

“கொஞ்சம் பேரு மிஸ்.”

“ஆடிக்கிருத்திகைக்கு?”

“காலு வெக்க எடம் இருக்காது மிஸ்.”

“ஏன், அன்னிக்கு மல சுருங்கிப் போச்சா?”

சிரிப்பு. “இல்ல மிஸ். ஆளுங்க ஜாஸ்தி.”

“மல அதே மல. எடம் அதே எடம். அதுக்குள்ள நெருக்கிகினு நிக்கிறதுதான் ஜாஸ்தி. அதுக்குப் பேருதான் அடர்த்தி. இப்ப எழுதிக்கோங்க.”

என் பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டுத் தடுப்பின் பக்கம் காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். நான் இந்த ஊரில் பிறந்தவள். நடக்கப் பழகிய நாளிலிருந்து ஒவ்வோர் ஆடிக்கிருத்திகைக்கும் எங்கள் வீட்டுக் காவடிக்குப் பின்னால் அந்தக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டே மலையேறியவள். மூச்சு முட்டும் அந்த நெரிசலில் ஒருநாளாவது எனக்கு இது தோன்றியிருக்க வேண்டாமா? நீ அரக்கோணத்துக்காரி. கிருத்திகை அன்று ரயிலில் நிற்க இடம் கிடைக்காது என்பதைத் தவிர அந்த மலையோடு உனக்கு என்ன சம்பந்தம்? என் மலையை எடுத்து என் பாடத்தை நடத்திவிட்டாய்.

மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது, “எப்டிடி தோணிச்சு?” என்று கேட்டேன்.

“ரயில்ல தினம் வரேன் இல்ல, அதான்,” என்றாய். “சென்னையிலேர்ந்து ஒரு வண்டி வருது பாரு. அரக்கோணம் வர்ற வரைக்கும் அது திடப்பொருளு. ஒருத்தரும் அசைய முடியாது. அரக்கோணத்துல பாதி பேரு எறங்கிட்டா திரவம், மிச்சம் இருக்கிறவங்க அப்டி இப்டி நகருவாங்க. திருத்தணிக்கு வர்றப்ப வாயு. பொட்டியில ஆளுக்கொரு மூலையில உக்காந்துகினு இருப்பாங்க. ஏறி எறங்கினா தன்னால வருது.”

எனக்குத் தன்னால வரவில்லை. நான் அதே ரயிலில் எத்தனையோ முறை சென்னைக்குப் போய்வந்திருக்கிறேன். ஜன்னலோரம் கிடைத்ததா, கிடைக்கவில்லையா என்பது மட்டும்தான் என் நினைவில் இருக்கிறது.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். வாணி ஒன்பதாம் வகுப்புக்கு வந்தபோது, பெற்றவளின் வகுப்பிலேயே மகள் உட்கார வேண்டாம் என்று தலைமையாசிரியை அவளை உன் பிரிவில் போட்டார். அடர்த்திப் பாடத்தை வீட்டில் நான் அவளுக்கு முன்பே சொல்லிக் கொடுத்திருந்தேன். தலையாட்டுவாள், கணக்கைக் கொடுத்தால் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மார்கழியில் ஒருநாள் பள்ளிவிட்டு வந்தவள், பையைக்கூட இறக்காமல் அவள் அப்பாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் தாலுகா ஆபீஸிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

“நைனா, ஐஸ தண்ணில போட்டா இன்னா ஆவும்?”

“மெதக்கும்.”

“எண்ணெக் கட்டிய எண்ணெயில போட்டா?”

“அதுவுந்தான் மெதக்கும்.”

“முங்கும் நைனா. இப்பப் பாரு.”

உறைந்த எண்ணெயில் ஒரு துண்டைக் கரண்டியால் பெயர்த்து, உருக்கி வைத்திருந்த கிண்ணத்தில் போட்டாள். அது அடிக்குப் போய்விட்டது. அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

“ஒறைஞ்சா எல்லாமே நெருக்கிகினு உக்காரும் நைனா. அடர்த்தி ஏறிடும், அதனால முங்கிடும். தண்ணி மட்டும் அப்டி இல்ல. ஒறையும்போது கைய நீட்டிகினு தள்ளித் தள்ளி நிக்கும். அதனால மெதக்குது.”

சொல்லிக்கொண்டே இரண்டு கைகளையும் விரித்தாள். அது உன் கை. உள்ளங்கையைத் திருப்பி, விரலை ஒரு சுண்டு சுண்டிவிட்டு நிறுத்துகிற உன் பழக்கம், என் வயிற்றில் பிறந்தவளின் கையில் அப்படியே இருந்தது.

“யாரு சொல்லிக் குடுத்தாங்க, அம்மாவா?” என்று கேட்டார் அவர்.

“காலா.”

அன்றுதான் அந்தச் சொல்லை முதல்முறையாகக் கேட்டேன். “நல்லா சொல்லிக் குடுக்குறாங்களே,” என்றார் அவர், ஒன்றும் அறியாமல். நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். புளியைச் சக்கையாகப் பிழிந்து போட்டேன்.

ப்ளஸ் டூ முடித்ததும் அவள் பொறியியல் படிக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். அவள் பி.எஸ்சி. இயற்பியல்தான் படிப்பேன் என்று நின்றாள். சாப்பிட மறுத்தாள், அவள் அப்பாவோடும் பேசவில்லை. நான் அன்று சாயங்காலம் உன்னைத் தேடி ஸ்டேஷனுக்கே வந்தேன். நீ பிளாட்பார பெஞ்சில் கடலை தின்றுகொண்டு அரக்கோணம் வண்டிக்காகக் காத்திருந்தாய்.

“நீதான் அவள ஏத்தி உட்டியா?”

“எங்கிட்ட அவ கேக்கவே இல்ல. கேட்டிருந்தா இஞ்சினீரிங் போன்னுதான் சொல்லியிருப்பேன். சீக்கிரம் வேல கெடைக்கும்.”

“பொய் சொல்லாத.”

நீ கோபப்படவில்லை. பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் விட்டாய். கடலைப் பொட்டலத்தை என் பக்கம் நீட்டினாய். நான் எடுத்துக்கொள்ளவில்லை.

“உனக்கு எம்மேல பொறாம,” என்றாய், மழை வரும்போலிருக்கிறது என்று சொல்வதைப் போல. “எனக்குத் தெரியாதுன்னு நெனச்சுகினு இருந்தியா? தடுப்புக்கு அந்தாண்ட உன் சாக்பீஸு சத்தம் நின்னுச்சுன்னா நீ கேக்குறேன்னு அர்த்தம். பட்டுட்டுப் போ. எனக்கு ஒண்ணும் கொறைஞ்சுடாது. ஆனா அதுக்காவ பேசாம மட்டும் இருந்துடாத. பேசுறதுக்கு எனக்கு வேற ஆளு இல்ல.”

வண்டி வந்தது. நீ ஏறிப் போய்விட்டாய். நான் அந்தப் பெஞ்சிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு பதில் சொல்வாய். எனக்கு மட்டும் எந்தப் பதிலும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. உன்னைச் சுற்றி எப்போதும் பிள்ளைகள் மொய்த்துக்கொண்டிருந்ததால் உனக்கு ஆள் இல்லை என்பது எனக்கு உறைத்ததே இல்லை. மறுநாள் மதியம் நானாக உன் எதிரில் வந்து உட்கார்ந்து, “இன்னிக்கு இன்னா பண்ணி அதுங்கள அப்டி சிரிக்க வெச்ச?” என்று கேட்டேன். பொறாமையை ஒளித்து வைக்கும் வேலை அன்றோடு தீர்ந்தது. பொறாமை தீரவில்லை. வாணி இயற்பியலில் சேர்ந்தாள்.

அவள் சென்னையில் எம்.எஸ்சி. படித்துக்கொண்டிருந்தபோது உனக்கு இருமல் வந்தது. சாக்பீஸ் தூசி என்றாய். பிறகு வேலூருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, வியாதியின் பெயரைச் சொல்லாமல், “காத்து இருக்க வேண்டிய எடத்துல தண்ணி பூந்துகினு கீது. எடுத்தா மறுபடியும் ஊறுது,” என்றாய். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். கொஞ்ச நாளில் ரயிலேற முடியாமல் போயிற்று.

ஒரு சனிக்கிழமை வாணி ஊருக்கு வருவதாகப் போன் செய்திருந்தாள். வெகுநாள் கழித்து வருகிறாள். நான் கறிக்குழம்பு வைத்துவிட்டு ஸ்டேஷனில் போய் நின்றேன். வண்டி வந்தது. நீ சொன்ன மாதிரியே காலிப் பெட்டிகளிலிருந்து அங்கொருவர் இங்கொருவராக இறங்கினார்கள். அவள் இல்லை. போன் அடித்தேன்.

“அரக்கோணத்துலயே எறங்கிட்டேம்மா. காலாவ பாத்துட்டு வரேன்.”

இன்னும் கொஞ்ச தூரம் வந்தால் நான். அதற்குள் நீ வந்துவிட்டாய்.

எதிர்ப்பக்கம் நின்ற வண்டியில் ஏறி நானும் அரக்கோணத்துக்கு வந்தேன். உங்கள் பேட்டரிக் கடையில் உன் அண்ணன் ஒரு லாரிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். பேட்டரியின் அமிலத்தைக் கண்ணாடிக் குழாயில் உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குண்டு எந்தக் கோட்டில் நிற்கிறது என்று தூக்கிப் பார்த்து, “எறங்கிப் போச்சுங்க, சார்ஜ் இல்ல,” என்றார். நீ சின்ன வயதிலிருந்து அந்தக் கடைக்கு மேலேதான் குடியிருந்தாய். நான் புத்தகத்தில் படித்த அடர்த்தியை நீ படியிறங்கும்போதெல்லாம் கண்ணால் பார்த்திருக்கிறாய். அந்த நிலையிலும் அது எனக்குக் குத்தியது.

மாடியில் நீ தலையணையில் சாய்ந்திருந்தாய். வாணி உன் பின்னால் உட்கார்ந்து உனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். முடி கொத்தாகச் சீப்போடு வந்தது. உனக்குத் தெரியாமல் அதைத் தன் மடியில் ஒளித்துக்கொண்டே வாரினாள். என் தலையை அவள் ஒருநாளும் வாரிவிட்டதில்லை. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

நீ அவளை டீ வாங்கிவரக் கீழே அனுப்பினாய். அவள் போனதும் என்னைப் பார்த்து, “உன் மூஞ்சியப் பாரு. இன்னிக்குக் கூடவா?” என்றாய்.

“ஆங். இன்னிக்குந்தான்,” என்றேன்.

நீ சிரித்தாய். சிரிப்பு இருமலாக மாறி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. நான் முதுகைத் தடவிக்கொடுத்தேன். எலும்புதான் கையில் பட்டது.

“என் ஒம்பதாவது ‘ஆ’ சும்மா கெடக்குது,” என்றாய் மூச்சு வந்ததும். “யாரையும் போட மாட்டாங்க. நீ எடு.”

“எடுக்கிறேன்.”

“ஆனா என்ன மாதிரி எடுக்காத. உனக்கு வராது.”

சாகக் கிடக்கிறவள் சொல்கிற பேச்சா அது? திரும்பி வரும்போது வாணி என் தோளில் சாய்ந்து அழுதுகொண்டே வந்தாள். எனக்குக் கண்ணீர் வரவில்லை. உனக்கு வராது, உனக்கு வராது என்று ரயில் ஓடுகிற சத்தத்தில்கூட அதுதான் கேட்டது.

நீ போன அன்று ஆண்கள் உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் நாங்கள் மாடியிலேயே இருந்தோம். வாணி உன் அண்ணியின் மடியில் விழுந்து அழுத அழுகையைப் பார்த்து, நான் செத்தால் இப்படி அழுவாளா என்று நினைத்தேன். நினைத்துவிட்டேன், என்ன செய்ய? எல்லாம் முடிந்து தெருவுக்கு வந்ததும் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, “அம்மா, பசிக்குது,” என்றாள். ஸ்டேஷன் எதிரில் ஒரு ஓட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்தேன். அழுகையை உனக்குக் கொடுத்தாள், பசியோடு என்னிடம் வந்தாள். அதை வைத்துக்கொண்டுதான் அன்றைக்கு நான் மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அடுத்த வாரம் உன் வகுப்புக்குள் நுழைந்தேன். அடர்த்திப் பாடத்தை நீ தொடங்கிவிட்டுப் பாதியில் நிறுத்தியிருந்தாய். நீ சொன்னதைக் கேட்கக் கூடாது என்ற வீம்பு எனக்கு. அலமாரியில் இருந்த உன் பாட்டில்களை எடுத்து மேசையில் பரப்பினேன். குரலைக்கூட உன்னைப்போல ஏற்றிக்கொண்டு, “ஆடிக்கிருத்திகைக்கு மல மேல எத்தினி பேரு இருப்பாங்க?” என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. முன்பெஞ்சில் ஒரு பெண், எனக்காக இரக்கப்பட்டு, “நெறைய பேரு மிஸ்,” என்றாள். இன்னொருத்தி மெதுவாக, “அது அந்த மிஸ்ஸோட கத, மிஸ்,” என்றாள். திருடும்போது கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி இருந்தது. பாட்டில்களை எடுத்து உள்ளே வைத்தேன்.

மறுநாள் போய்க் கரும்பலகையில் ஓரக்கோடு போட்டேன். ஒரு கட்டம் வரைந்து, அதற்குள் நெருக்கமாகப் புள்ளிகள் வைத்தேன். பக்கத்தில் அதைவிடப் பெரிய கட்டம் ஒன்றை வரைந்து, அதே அளவு புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். ஒவ்வொருத்தியாக எழுந்து வந்து இரண்டு கட்டத்திலும் புள்ளிகளை எண்ணச் சொன்னேன். யாரையும் சிரிக்க வைக்கவில்லை. அவசரப்படுத்தவும் இல்லை. நிறை, பருமன், வகுத்தல். மறுபடியும் நிறை, பருமன், வகுத்தல். சலிக்காமல் சொல்வது மட்டும்தான் எனக்கு எப்போதும் வரும்.

கடைசி பெஞ்சில் லாவண்யா என்று ஒரு பெண். நகரிப் பக்கத்திலிருந்து வருகிறாள், வீட்டில் தெலுங்கு. அவள் குரலையே நான் அதுவரை கேட்டதில்லை. எண்ணி முடித்துவிட்டு, சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு பலகை அருகிலேயே நின்றாள்.

“புள்ளி மாறல மிஸ்.”

“மாறல.”

“கட்டந்தான் பெருசாச்சு. அப்ப எண்ணெய காய்ச்சினா நிறை கொறையாதா?”

“கொறையாது. அதே நிறைதான், அதிக எடத்துல பரவிக்கும்.”

“அப்ப வகுத்தா வர்றதுதான் கொறையும்.” தானாகவே பலகையில் வகுத்தாள். விடையின் கீழே கோடு போட்டாள். என்னைப் பார்த்து, புரிந்துவிட்ட சந்தோஷத்தில் வீட்டு மொழியிலேயே, “இப்புடு அர்த்தமயிந்தி மிஸ்,” என்றாள்.

மணி அடித்த பிறகு என் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: “அந்த மிஸ் க்ளாஸு ரொம்ப நல்லாருக்கும் மிஸ். சிரிச்சுகினே இருப்பேன். ஆனா வீட்டுக்குப் போனா ஒண்ணும் ஞாபகம் வராது. நீங்க சொன்னது வருது.”

எனக்கு வந்தது வெறும் சந்தோஷம் என்று சொன்னால் நீ நம்ப மாட்டாய். உன்னை ஜெயித்துவிட்ட சந்தோஷம் அது. ஓட்டமும் நடையுமாக ஸ்டாஃப் ரூமுக்கு வந்தேன். வாய் வரைக்கும் வந்துவிட்டது, ‘ஏய், உன் க்ளாஸு பொண்ணு இன்னா சொல்லுச்சு தெரியுமா?’ என்று. உன் நாற்காலியில் வரலாறு டீச்சர் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். “இன்னாங்க டீச்சர்?” என்று நிமிர்ந்து பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தேன். உனக்கென்று அழுதது அன்றைக்குத்தான், குழாயடியில் முகம் கழுவுகிற சாக்கில்.

இதை வாணியிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் சந்தோஷப்படுவாள். எனக்கு வேண்டியது சந்தோஷம் இல்லை. கேட்டதும் உன் முகம் கொஞ்சம் வாட வேண்டும். பிறகு நீ டிபன் பாக்ஸைத் தள்ளிவைத்துவிட்டு, “எப்டி வரைஞ்ச, போட்டுக் காட்டு,” என்று மேசையைத் தட்ட வேண்டும். அதற்குத்தான் இவ்வளவும் எழுதினேன். உன் பிரிவும் என் பிரிவும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. தடுப்பின் இந்தப் பக்கமும் நான், அந்தப் பக்கமும் நான். நன்றாகத்தான் எடுக்கிறேன், பிள்ளைகள் மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். பொறாமைப்படவும் ஆளில்லாமல், பொறாமைப்படுத்தவும் ஆளில்லாமல் நன்றாகப் பாடம் எடுப்பது எவ்வளவு சலிப்பு என்று உனக்குத் தெரியாது.